முடிஞ்சா கழட்டுங்க

சார்ஜ் போடும் இடத்தில் வண்டியை மாட்டிவிட்டுக் காணாமல் போகிறவர்களை என்ன செய்தால் தகும் என்று நான் நிறைய யோசித்து வைத்திருக்கிறேன். அதில் எதையும் நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது. அவர்கள் பாட்டுக்கு மாட்டுவார்கள், பூட்டுவார்கள், கடைத்தெருப் பக்கம் போய்விடுவார்கள். வண்டி வயிறு நிறைந்து ஏப்பம் விட்டுக்கொண்டு நிற்கும். பின்னால் வந்தவள் பட்டினி வண்டிக்குள் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பின்னால் வந்தவள் பெரும்பாலும் நான்தான்.

நான் டாக்ஸி ஓட்டுகிறேன். காலையிலும் பிற்பகலிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுவில் கிடைக்கிற சவாரி. பழைய பெட்ரோல் காரைத் தள்ளிவிட்டு இந்தக் கரண்டு கார் வாங்கியது முழுக்க என் பிடிவாதம். வீட்டுக்காரருக்குத் துளியும் இஷ்டமில்லை. அவர் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார், எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை சீவிப் பார்த்துத்தான் வெட்டுவார். "நாம இருக்கிறது மாடியில, அதுவும் வாடகை வீடு. வண்டிக்கு எங்கேருந்து வயர் இழுப்ப?" என்று அப்போதே கேட்டார். நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நூலகத்துக்குப் பின்னாடி ஒண்ணு வெச்சிருக்காங்கல்ல, அங்க போட்டுக்குறேன்" என்றேன்.

வைத்திருந்தார்கள், வாஸ்தவம். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரே ஒரு கம்பம், அதில் வண்டியில் மாட்டுகிற ஒரே ஒரு கன். அதை விட்டால் அடுத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே போய் வரிசையில் நின்று திரும்பி வருவதற்குள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடும். ஆக, அந்தக் கம்பம் இருந்தால்தான் எனக்குத் தொழில். அது போனால் காரை விற்க வேண்டும். அதைவிடக் கொடுமை, வீட்டுக்காரரிடம் போய் நீங்க சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும்.

கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. அவருக்கு அந்தக் கம்பத்தை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அது நின்ற இடத்தில் முன்பு இரண்டு கார் நிற்குமாம். போதாக்குறைக்கு, கம்பத்தில் ஒட்டியிருந்தது அவருடைய போன் நம்பர். யாருக்கு என்ன தகராறு என்றாலும் மணி அடிப்பது அவர் சட்டைப் பையில்தான். ஒரு நாள் யார் முதலில் வந்தது என்று ஒரு வக்கீலும் ஒரு பூக்கடைக்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டன் தெறித்தது. மேற்பார்வையாளர் வந்து இருவரையும் பிரித்துவிட்டு, சுற்றி நின்ற எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னொரு சண்டைன்னு எனக்கு ஒரு போன் வரட்டும். இந்தக் கம்பத்தையே கழட்டி எடுத்துட்டுப் போயிடுவேன். அப்புறம் எல்லாரும் நிம்மதியா இருங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். நிதானமாகச் சொன்னார், அதனால் செய்தேவிடுவார் என்று புரிந்தது. இனிமேல் இந்த இடத்தில் சண்டை வராது, வர விடமாட்டேன் என்று அன்றைக்கே ஒற்றைக்காலில் நின்றேன்.

சண்டை ஏன் வருகிறது என்று பார்த்தால் விஷயம் சின்னது. ஒருவர் வண்டிக்கு சார்ஜ் ஏறி முடிந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். அடுத்தவருக்கு அந்தக் கன்னைக் கழற்றக் கை வராது. பிறத்தியார் வண்டியைத் தொடுவது பிறத்தியார் தட்டில் கை வைக்கிற மாதிரி. தொட்டால் சண்டை, தொடாவிட்டால் புழுக்கம், புழுக்கம் முற்றினால் அதுவும் சண்டை. ஆக, தொடலாம் என்று வண்டிக்காரரே எழுதி வைத்துவிட்டால் போயிற்று.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் அட்டைகளை வெட்டிப் போட்டு, தடித்த பேனாவால் எழுத உட்கார்ந்தேன். போன் நம்பருக்கு ஓரத்தில் இடம் விட்டேன். நடுவில் பெரிதாக, "முடிஞ்சா கழட்டிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன்." எல்லோருக்கும் புரிகிற பேச்சில் இருக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். வீட்டுக்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"கோவிச்சுக்க மாட்டேன்னு நீயே எழுதுற பாரு, அதான் இதுல பெரிய பொய்" என்றார்.

மறுநாளிலிருந்து வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டையைத் திணித்தேன். கண்ணாடிக்கு உள்ளே, வெளியிலிருந்து தெரிகிற மாதிரி வையுங்கள் என்றேன். வைத்தார்கள். வைக்காதவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவர்களும் வைத்தார்கள். வக்கீலும் பூக்கடைக்காரரும்கூட ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல்.

மல்லுக்கு நின்றது ஒருவர்தான். நிலம் அளக்கிற சர்வேயர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நூறு சார். எண்பது ஏறியதும் வண்டியை எடுத்துவிடுவது மற்றவர்கள் எல்லோரும் கடைப்பிடித்த மரியாதை. அதற்கு மேல் சார்ஜ் நத்தை வேகத்தில்தான் ஏறும், கடைசிக் கொசுறுக்காக ஒருவர் நின்றால் பின்னால் இருப்பவர் பொழுது போய்விடும். நூறு சாருக்கு அந்தப் பேச்சே கிடையாது. நூறு என்றால் நூறு. தொண்ணூற்றொன்பதில் எடுக்கச் சொன்னால் சொத்தில் பங்கு கேட்டது போல் பார்ப்பார்.

"பாதியில யாராவது கழட்டிட்டா?" என்றார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"முடிஞ்சாதானே கழட்டுவாங்க சார்."

"முடிஞ்சுதா இல்லையான்னு யார் சொல்றது?"

"உங்க வண்டியே சொல்லும், பச்சை விளக்கு எரியும்" என்றேன். அரை மனதாக வாங்கி வைத்துக்கொண்டார்.

கையோடு கம்பத்திலும் ஒன்றை ஒட்டினேன். அங்கே இடம் கொஞ்சம்தான், மேற்பார்வையாளர் நம்பருக்குக் கீழே கையகலம். அதனால் கோபதாபத்தையெல்லாம் விட்டுவிட்டு, "முடிஞ்சா கழட்டுங்க" என்று மட்டும் எழுதினேன். தள்ளி நின்று பார்த்தால் கம்பீரமாகவே இருந்தது.

வேலை செய்தது. நம்பித்தான் ஆக வேண்டும். வண்டிகள் வந்தன, ஏறின, போயின. ஒருவர் கழற்றி அடுத்தவர் மாட்டினார், யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. மேற்பார்வையாளருக்கு போன் போகவில்லை. நானும் தலை நிமிர்ந்து நடந்தேன், வீட்டில்கூட.

அப்படி இருக்கையில் ஒரு நண்பகல், ஒரு சவாரியை இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டப் போவதற்கு முன் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று வந்துகொண்டிருந்தேன். பாட்டரி அடிமட்டத்தில் இருந்தது. போன் அடித்தது. நூறு சார்.

"என் வண்டியைப் பாதியில கழட்டிட்டாங்க. அறுபதுகூட முழுசா ஏறல. நீங்க சொன்னீங்கன்னுதானே அட்டை வெச்சேன்? மேற்பார்வையாளருக்கும் சொல்லிட்டேன்."

கடைசியில் சொன்னதுதான் என் காதில் விழுந்தது. நான் மிதித்த மிதியில் மிச்சம் இருந்த சார்ஜும் பாதி போயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது கம்பத்துக்கு ஒரு பக்கம் நூறு சாரின் வண்டி, கழற்றப்பட்டு நின்றது. மறு பக்கம் ஒரு சின்ன வெள்ளைக் கார், கன் அதில் இருந்தது. அதன் சொந்தக்காரி வீடு வீடாகப் போய்க் கால் ஒடிந்தவர்களை நடக்கவைக்கிற பிசியோதெரபிப் பெண். இந்த இடத்துக்கு அன்றுதான் முதல் தடவை வருகிறாள். நூறு சாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவளும் சளைக்கவில்லை.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. இவர் வண்டியில எழுதி வெச்சிருக்காரு, முடிஞ்சா கழட்டிடுங்கன்னு. சரி, யாரோ நல்ல மனுஷன், அவசரத்துல வர்றவங்களுக்கு விட்டுக் கொடுக்கிறார்னு நினைச்சேன். பட்டனை அழுத்திப் பார்த்தேன், சார்ஜ் நின்னுது. இழுத்துப் பார்த்தேன், வந்துது. என்னால முடிஞ்சுது, கழட்டினேன். இதுல என்ன தப்பு?"

"முடிஞ்சான்னா உன்னால முடிஞ்சாவாம்மா? சார்ஜ் முடிஞ்சா" என்றார் நூறு சார்.

"அப்படின்னா முடிஞ்சதும்னு எழுதணும் சார். முடிஞ்சா வாங்கன்னு ஒருத்தர் கூப்பிட்டா என்ன அர்த்தம்?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். அத்தனை அட்டை எழுதினேனே, ஒன்றிலாவது அந்த இன்னொரு அர்த்தம் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா? என் மேலேயே எனக்கு வந்த எரிச்சலில், நூறு சார் மேல் பாய்ந்தேன்.

"அறுபது இருக்கில்ல சார், அது போதாதா? நூறு ஏத்திட்டு எங்கதான் போகப் போறீங்க?"

"அளக்கப் போறேன். நான் போற இடத்துல ரோடே கிடையாது, சார்ஜர் எங்க இருக்கும்? எண்பதோட போனா போயிடலாம். திரும்பி வர்றதுக்கு வண்டியைத் தள்ளணும். ஒரு தடவை தள்ளியிருக்கேன். ஏன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. பேரு மட்டும் வெச்சீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பிசியோப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டாள். சண்டை அந்த இடத்தில் தானாகவே ஓய்ந்தது. ஆனால் அதற்குள் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. மேற்பார்வையாளர் இறங்கினார். கூடவே கருவிப் பையோடு ஓர் எலக்ட்ரீஷியன்.

மேற்பார்வையாளர் எங்களைப் பார்க்கவில்லை. நேராகக் கம்பத்திடம் போய், கையகல அட்டையில் விரலை வைத்தார்.

"இதை ஒட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"கம்பத்தைக் கழட்டிடுவேன்னு சொன்னேன். முடிஞ்சா கழட்டுங்கன்னு ஒட்டியிருக்கீங்க. என் நம்பருக்குக் கீழேயே ஒட்டியிருக்கீங்க. தினமும் இந்த வழியாத்தான் போறேன்மா, தினமும் படிச்சிட்டுத்தான் போறேன். ஒரு போனுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். வந்துடுச்சு."

கடவுளே என்று இருந்தது. ஒரு சொல்லை எழுதினேன், ஆளுக்கொரு விதமாகப் படித்துவிட்டார்கள். சார்ஜ் முடிந்தால் என்று நான் எழுதினேன். உன்னால் முடிந்தால் என்று அவள் படித்தாள். தைரியமிருந்தால் தொட்டுப் பார் என்று இவர் படித்திருக்கிறார். அதுவும் இத்தனை நாளும் மனதுக்குள் புழுங்கிக்கொண்டே.

விளக்கிச் சொன்னேன். சத்தியமாக விளக்கினேன், நூறு சாரும் சேர்ந்து விளக்கினார், தான் போன் செய்தது அவசரப்பட்டு என்றார். எலக்ட்ரீஷியன் சிரித்தேவிட்டார். அதுதான் காரியத்தைக் கெடுத்தது.

"என்ன அர்த்தமோ இருக்கட்டும். சண்டை வந்துதா இல்லையா? வந்துது. கழட்டுய்யா" என்றார் மேற்பார்வையாளர்.

எலக்ட்ரீஷியன் கம்பத்தைச் சுற்றி வந்தார். வெள்ளைக் காரில் மாட்டியிருந்த கன்னைப் பார்த்தார். "ஓடிக்கிட்டு இருக்கு சார். ஓடும்போது நான் கை வைக்கிறதில்ல. புள்ளைகுட்டிக்காரன்."

"மெயினை அணைச்சுட்டு வை."

"மெயினை அணைச்சா நூலகமும் சேர்ந்து அணையும். உள்ள ஆளுங்க படிச்சிட்டு இருக்காங்க."

மேற்பார்வையாளர் பிசியோப் பெண்ணிடம் திரும்பினார். "வண்டியை எடும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். எடுக்காதே என்பதுபோல் நான் கண்ணை இமைக்காமல் பார்த்தேன். "எனக்கு இன்னும் முடியல சார்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. கம்பம் ஓடுகிற வரைக்கும் அதை யாராலும் தொட முடியாது. ஆனால் அவள் எண்பதில் எடுத்தாக வேண்டும், அவளுக்காக ஒரு வீட்டில் ஊன்றுகோலோடு ஒருவர் காத்திருக்கிறார். அடுத்தது முறைப்படி நான். நான் மாட்டினால் பாதியில் பிள்ளைகளைக் கூட்ட ஓட வேண்டும், நான் போன நிமிடம் கம்பம் சும்மா நிற்கும். நான் போகாவிட்டால் பிள்ளைகள் நிற்கும்.

நூறு சாரைத் தனியாகக் கூப்பிட்டேன். "சார், என் முறையை எடுத்துக்குங்க. நூறு வரைக்கும் போடுங்க. ஒண்ணுகூடக் குறைக்காதீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை நாளா இதைத்தாம்மா நான் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றார்.

அடுத்து வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். பிள்ளைகளை இன்றைக்கு அவர்தான் நடத்திக் கூட்டிவந்து வீடு வீடாக விட வேண்டும் என்றேன்.

"கடையில ஒருத்தர் பாதித் தலையோட உட்கார்ந்திருக்காரு."

"மீதித் தலையை வெட்டிட்டுப் போங்க. கம்பத்தைக் கழட்ட வந்துட்டாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் சொன்னேன்ல என்று ஆரம்பிப்பார், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நான் தயாராக இருந்தேன்.

"விட்டுடாத. நான் போறேன்" என்றார்.

அழுகை வந்தது. அழ நேரமில்லை. அட்டை கொடுத்த ஒவ்வொருவர் நம்பரும் என் போனில் இருந்தது. ஒவ்வொருவராக அழைத்தேன். சார்ஜ் இருக்கோ இல்லையோ, கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு வாங்க என்றேன். வக்கீல் யோசித்தார். பூக்கடைக்காரர் வருகிறார் என்றதும் வருகிறேன் என்றார்.

வெள்ளைக் கார் எண்பதைத் தொட்டது. பிசியோப் பெண் கன்னைக் கழற்றினாள், கீழே விடவில்லை, திரும்பிக் கையோடு நூறு சாரிடம் கொடுத்தாள். "இப்போ, இப்போ வைய்யா கையை" என்றார் மேற்பார்வையாளர். எலக்ட்ரீஷியன் அப்போதுதான் பைக்குள் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். ரொம்பப் பெரிய பை போலிருக்கிறது. அவர் நிமிர்வதற்குள் நூறு சாரின் வண்டியில் விளக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு காத்திருத்தல்தான். மேற்பார்வையாளர் சாப்பிடவில்லை, அவர் வயிறு பேசியது எங்களுக்கே கேட்டது. எண்பது வரை சார்ஜ் விறுவிறுவென்று ஏறியது, எனக்குப் பக்கென்றது. எண்பதுக்கு மேல் வழக்கம்போல் நத்தையானது. அந்த நத்தையை நான் எத்தனை முறை சபித்திருப்பேன். இன்றைக்கு, மெதுவாக ஏறு ராஜா, அவசரமில்லை என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

வண்டிகள் வர ஆரம்பித்தன. பூக்கடைக்காரர் வந்தார், பின்னாலேயே வக்கீல். எனக்கு முகம் மட்டுமே தெரிந்த இன்னும் சிலர். வந்தவர்கள் இறங்கியதும் கேட்டது ஒரே கேள்வி, "யாரு கடைசி?" நம்பர் சீட்டு கிடையாது, கோடு கிடையாது. கடைசியாக வந்தவர் கையைத் தூக்குவார், புதிதாக வந்தவர் அவர் பின்னால். பூக்கடைக்காரர் கையைத் தூக்கினார். வக்கீல் அவருக்குப் பின்னால் போய் வண்டியை நிறுத்தினார்.

நூறு சாரின் வண்டி தொண்ணூற்றெட்டில் இருந்தபோது எலக்ட்ரீஷியனுக்கு அழைப்பு வந்தது. எங்கோ நாற்சந்தியில் சிக்னல் எரியவில்லையாம், வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றனவாம். அவர் பையைத் தூக்கினார். "வரிசை தெரு வரைக்கும் நிக்குது சார். இன்னைக்கு இது ஓயாது" என்றார்.

மேற்பார்வையாளர் வரிசையைப் பார்த்தார். கையில் இருந்த அட்டையைப் பார்த்தார், கம்பத்திலிருந்து அதை எப்போது கிழித்தெடுத்தாரோ தெரியாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வருவேன்" என்றார்.

"வாங்க சார். வந்ததும் யாரு கடைசின்னு கேளுங்க. கை தூக்குறவங்க பின்னாடி நில்லுங்க."

"நான் சார்ஜ் போட வரலம்மா. கழட்ட வர்றேன்."

"எதுக்கு வந்தாலும் இங்க வரிசைதான் சார்" என்றேன்.